மாப்பிள்ளைப் பையன் மூக்கில் ஒரு முடி

சுற்றிலும் கடல், வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. இந்தத் தீவில் தூசி என்று ஒன்று கிடையவே கிடையாது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். அந்த நம்பிக்கையில்தான், மாற்றலாகி மெயின்லாந்துக்குப் போன ஓர் அதிகாரியிடம் வாங்கிய பழைய எட்டு எம்.எம். புரொஜெக்டரை மூடிகூடப் போடாமல் அலமாரி மேல், என் மனைவியின் சீப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

அப்போது குட்வில் எஸ்டேட் என்ற குடியிருப்பில் இருந்தோம். மச்சினிக்கு வரன் பார்த்தார்கள். வரனைக் கொண்டுவந்தவன் நான். என் சிநேகிதனின் தம்பி, மதராஸில் வேலை. கப்பலேறி வந்து பெண் பார்க்கப் பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. சிநேகிதனிடம் சினிமா கேமரா இருந்தது. தம்பியை நடக்கவிட்டு, உட்காரவிட்டு, காபி குடிக்கவிட்டு, மூன்று நிமிஷப் படம் எடுத்துக் கப்பலில் அனுப்பிவிட்டான். அதே கப்பல் திரும்பும்போது பதில் போக வேண்டும். விட்டால் அடுத்த கப்பல் எப்போதென்று அந்தக் கப்பலுக்கே தெரியாது.

மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும் ஊர். சுவரில் வேட்டியைக் கட்டிப் படத்தை ஓட்டினேன். பையன் நடந்து வந்தான். நட்டநடுவில் கயிறு மாதிரி ஒரு கறுப்பு முடி. பையன் நகர்ந்தான், முடி நகரவில்லை. நடக்கும்போது அவனுக்கு வாலாக இருந்தது, உட்கார்ந்ததும் மூக்கிலிருந்து தொங்கியது. காபியை வேறு அதன் வழியாகவே குடித்தான்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "போதும் மாப்ளே, பாத்தாச்சு" என்று எழுந்து போய்விட்டார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சம்பந்தம் முறிந்தது. மச்சினிக்கு இனிக் கல்யாணமே ஆகாது. பழி என் தலையில். ஆயுள் முழுக்க என் ரசத்தில் உப்பு இருக்காது.

மறுநாளே போர் தொடங்கினேன். விளக்குக்கு முன்னால் பிலிம் ஓடுகிற சின்னச் சதுர ஓட்டைதான் முடி மாட்டிக்கொள்ளும் இடம். அதை என் சவர பிரஷ்ஷால் பெருக்கினேன். ஜன்னலெல்லாம் ஈரப் புடவை. வீட்டில் யாரும் தலை வாரக்கூடாது என்று உத்தரவு. நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேன். புருவம் உதிர்ந்துவிடப்போகிறதே என்று விளக்கெண்ணெய் தடவினேன். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் எட்டிப் பார்த்து, கல்யாணமா என்று கேட்டார். "க்யா பாயி, ஷாதி ஹை க்யா?"

"ஷாதி பாத் மே, தீதி. அபி சஃபாயி" என்றாள் என் மனைவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. கல்யாணம் அப்புறமாம், இப்போது சுத்தம் நடக்கிறதாம்.

அன்று மாலை ஓட்டினேன். மூன்று முடி. பையனுக்குத் தாடியே முளைத்துவிட்டது. மூன்றாம் நாள் இன்னும் அழுத்திப் பெருக்கினேன். ஐந்து.

"அத்தான், அந்த பிரஷ்ஷைக் கொஞ்சம் குடுங்க." மச்சினி அதை உள்ளங்கையில் தட்டினாள். பொலபொலவென்று முடி கொட்டியது. "நீங்க சாஃப் பண்ணல அத்தான், நாத்து நட்டிருக்கீங்க."

தீக்குச்சியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி அவளே ஓட்டையைத் துடைத்தாள். ஓட்டினேன். வாலுமில்லை, தாடியுமில்லை, பையன் பளிச்சென்று இருந்தான்.

"பாத்தியாம்மா? மூக்கு எவ்வளவு சுத்தமா இருக்கு! உங்கப்பாகிட்ட நீதான் சொல்லணும். நாளைக்குக் கப்பல் கிளம்பிடும்."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எனக்கு முதல் நாளே பிடிச்சுப்போச்சு அத்தான். அப்பா அன்னிக்கே என்னைக் கேட்டுட்டு லெட்டர் எழுதிட்டாரு."

"அப்புறம் எதுக்கு மூணு நாளா உக்காந்து படம் பாத்தீங்க?"

"படத்தை யாருங்க பாத்தா?" என்றாள் என் மனைவி. "நாங்க உங்களைத்தானே பாத்துக்கிட்டிருந்தோம்!"

சம்மதக் கடிதம் முந்தின நாள் காலையிலேயே கப்பல் தபாலில் சேர்ந்திருந்தது.