அழாமல் நின்றவள்

யாராவது எங்கேயாவது கூப்பிட்டால், போகாமல் இருப்பதற்கு என்னிடம் எப்போதும் நாலைந்து காரணங்கள் தயாராக இருக்கும். முட்டி வலி. வெயில். தலைசுற்றல். விரதம். பேரனுக்குப் பரீட்சை. பேரன் பரீட்சையெல்லாம் முடித்து வேலைக்கே போய்விட்டான். பழக்கதோஷத்தில் போன மாதம்கூட அதைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். உண்மையான காரணம் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். இப்போது எழுதுவதால் எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நேரில் சொல்ல இன்னும் வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். யார் பேரும் போடாமல் எழுதுகிறேன், அதற்கும் காரணம் இருக்கிறது.

எனக்குச் சிறுநீர் நிற்பதில்லை. தும்மினால் வரும். சிரித்தால் வரும். கீழே உட்கார்ந்து எழுந்தால் வரும். அழுதால், விம்மும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வரும். ரிடையர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்தது. முதலில் ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு. பிறகு அது தன் இஷ்டத்துக்கு வர ஆரம்பித்துவிட்டது.

ராயபுரத்தில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். பிள்ளைகளுக்கு என்று ஒரு கக்கூஸ், அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. டீச்சர்களுக்கு அதுவும் கிடையாது. காலையில் வீட்டில் போனால், அப்புறம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். தண்ணீர் குடித்தால்தானே தொல்லை என்று குடிக்காமலே இருப்போம். வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கற்ற வித்தை அடக்குவது ஒன்றுதான். ஒற்றை விரலைத் தூக்கிய பிள்ளைகளையும், "பெல் அடிக்கட்டும், உட்காரு" என்று உட்கார வைத்திருக்கிறேன். அந்தப் பாவமோ என்னவோ.

டாக்டரிடம் போயேன் என்று நீங்கள் சொல்வீர்கள். எங்கள் தெரு டாக்டர் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். மருந்துக்கடைக்காரனும் என்னிடம் படித்தவன்தான். பெரியவர்களுக்கு டயப்பர் விற்கிறார்கள், தெரியும். "டீச்சர், எந்த சைஸ்?" என்று அவன் கேட்பதை நினைத்தாலே காது சூடாகிவிடும். போனில் வரவழைக்கலாம் என்றால், பார்சலை வாங்கிப் பிரிப்பது மகன். ஆகவே பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்கிறேன். ஐம்பது வயதோடு ஒழிந்தது என்று நினைத்த வேலை. துவைத்து, துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டு, மருமகள் ஆபீஸிலிருந்து வருவதற்குள் எடுத்துவிடுவேன். வீட்டுக்குள் இருக்கும்வரை நான் மரியாதையான மனுஷி. வாசலைத் தாண்டினால் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

எனக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு அக்கா. எண்ணூர் பக்கம் கத்திவாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நான் புத்தகத்தைத் தூக்கினேன், அவள் மீன் கூடையைத் தூக்கினாள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, கடலுக்குப் போகிறவர். டீச்சர் பயிற்சிப் பரீட்சை சமயத்தில் ஒருநாள் அடைமழை, பஸ் ஓடவில்லை. என்னைச் சைக்கிளில் உட்கார வைத்து, முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளிக்கொண்டே போய்ப் பரீட்சை எழுதும் இடத்தில் விட்டார். நான் எழுதி முடித்து வரும்வரை எதிர்க் கடை வாசலில் ஈர லுங்கியோடு நின்றார். எனக்கு வேலை கிடைத்த பிறகு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "டீச்சரு" என்றுதான். சாம்பலும் எண்ணெயும் கலந்து எண்ணூர் ஆறு கெட்ட பிறகும், எங்கேயாவது தேடிப் பிடித்து ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு நண்டு கொடுத்தனுப்புவார்.

போன வருஷம் அந்த மாமா செத்துப்போனார்.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும். இது எனக்கும் தெரியும். செய்தி வந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், துணியை இரண்டு மடங்கு வைத்துக்கொண்டு, மகனோடு ஆட்டோவில் கிளம்பினேன். எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசையாக நின்றன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கு உயிர் போனது. அக்கா தெருவில் இறங்கும்போது நான் எந்த நிலைமையில் இருந்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அங்கே சாவு வீட்டுக்குப் போகும் பெண்கள் தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு போவார்கள். உள்ளே இருக்கிற பெண்கள் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், எல்லோரும் தரையில் உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்து அழுவார்கள். நான் வாயை இறுக மூடிக்கொண்டு போனேன். கட்டிப்பிடிக்க வந்தவர்களைக் கையை நீட்டித் தடுத்தேன். வாழ்நாள் முழுக்க மீனை ஐஸில் வைத்த மனிதர் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். பக்கத்தில் தரையில் இருந்த அக்கா இரண்டு கையையும் தூக்கி, "வந்தியாடி! உன் மாமாவ பாருடி!" என்று அலறினாள்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது தரை காட்டிக்கொடுத்துவிடும். அவள் கை என்மேல் பட்டால் அழுதுவிடுவேன், அழுதால் அவ்வளவுதான். கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு மனசுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னேன். அது எனக்கு எப்போதும் தடுமாறும், அதனால் கவனம் அதில் நிற்கும். என்னைச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு போன மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய்ப்பாடு சொன்னேன். அக்காவின் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, தானாகக் கீழே இறங்கின. தலைசுற்றுகிறது என்று மகனிடம் சொல்லி, எடுப்பதற்கு முன்பே திரும்பிவிட்டேன்.

சொந்தக்காரி ஒருத்தி, விஷயத்தை என் காதில் போடாவிட்டால் சோறு இறங்காதவள், மறுவாரம் போன் செய்தாள். "டீச்சரம்மாவுக்கு மீன் நாத்தம் ஆவலயாம். தரையில குந்தலயாம். ஒரு சொட்டுக் கண்ணுத் தண்ணி வுடலயாம். இப்டித்தான் பேசிகினு கீறாங்கோ" என்றாள்.

பேசட்டும் என்று விட்டுவிட்டேன். சொல்லவே கூசுகிறது, எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. திமிர் பிடித்தவள் என்ற பேரோடு தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம். இன்னொரு பேரோடு நடக்க முடியாது. அந்தப் பேச்சு அக்காவின் காதுக்கும் போயிருக்கும், அவள் அதை நம்பினால் என்ன ஆவாள் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

வருஷம் திரும்பியது. அக்காவின் மகள் போன் செய்தாள்.

"சித்தி, ஞாயித்துக்கெழம அப்பாவுக்கு வருசம் குடுக்கறோம். அம்மா உன்கிட்ட சொல்ல வேணாம்னுச்சு. நான்தான் சொல்றேன்."

"அம்மா எப்படி இருக்கா?"

"வூட்ட வுட்டு வெளியவே வர்றதில்ல. கோயிலுக்கு இல்ல, கடைக்கு இல்ல, பக்கத்து வூட்டுக் கல்யாணத்துக்குக்கூட வரல. கூடைய வச்சிட்டு ராணி மாரி குந்துன்னு சொன்னது தப்பாப் பூட்ச்சா, தெரியல. உன்னப் பாத்தாவாச்சும் மனசு மாறுமான்னுதான் கேக்கறேன்." குரல் மாறியது. "நாத்தம் ஆவலன்னா மூக்க மூடிகினாவது வா சித்தி."

மாமா இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கு அவளைத் திட்டியிருப்பார். எனக்குத் திட்ட என்ன யோக்கியதை இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கும் என்று அதற்கும் பயந்து, மறுநாள் போனேன். வருகிறேன் என்று அக்காவின் மகளுக்கு மட்டும் போன் செய்தேன், மகனிடம்கூடச் சொல்லவில்லை. பையில் மாற்றுப் புடவை, ஆட்டோ சீட்டில் பிளாஸ்டிக் கவர் விரித்து அதன்மேல் துண்டு. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார், அவர் சீட் அழுக்கு என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

வாசலில் அக்காவின் மகள் நின்றிருந்தாள். "நேத்து வரல, இன்னிக்கு வந்துகீற. சரி, உள்ள போ" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனாள்.

வீடு பூராவும் ஊதுபத்திப் புகை. தரையைப் பினாயில் போட்டுக் கழுவியிருந்தார்கள். உள்ளறையில் ஒரு வயர் சேரில் அக்கா இருந்தாள். சந்தன சோப்பு வாசனை அடித்தது, தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. எதிரில் எனக்காக ஒரு புதுப் பாய் விரித்திருந்தது.

"குந்துடி" என்றாள். எழுந்திருக்கவில்லை. "நேத்தோட படையல் முடிஞ்சிது. இன்னிக்கி எல்லாரும் கவுச்சி துன்னுவாங்கோ. நீ வர்றன்னு அடுப்புல மீனே ஏத்தல. கூடையக்கூடத் தூக்கி அந்தாண்ட வூட்ல வச்சிட்டோம். நாத்தம் இருக்காது, குந்து."

எனக்குத் தாங்கவில்லை. என் அக்கா, எனக்காகக் குளித்து, எனக்காக வீட்டைக் கழுவி, தான் நாறுகிறோமோ என்ற பயத்தோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது. பாயை மிதிக்காமல் நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, உன் வீட்டுல எந்த நாத்தமும் இல்லக்கா. நான்தான் நாறுறேன்."

எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை, ஆனால் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடம், துணி, மருந்துக்கடை, ஐஸ் பெட்டி பக்கத்தில் சொன்ன வாய்ப்பாடு. அக்கா கேட்டு முடித்ததும், "அதுக்கா குந்தாம நின்ன?" என்றாள். பிறகு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு மூணாவது புள்ளைலேர்ந்து கீதுடி இது."

நான் நம்பவில்லை. "கூடையத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தினியே அக்கா, எப்படி?"

"கூடைதான்டி காப்பாத்துச்சி. மீன் தண்ணி மேல ஒழுகிகினே இருக்கும். எப்பவும் பொடவ நனைஞ்சிதான் கெடக்கும். எது எந்தத் தண்ணின்னு எவன் பாத்தான்? பஸ்ல மூக்க மூடுவாங்கோ. மூடுங்கடான்னு நிம்மதியா நிப்பேன்." சேரின் கைப்பிடியைத் தடவினாள். "உன் மாமா போனதும் இவ கூடைய வாங்கி வச்சிட்டா. இனிமே கஷ்டப்படாதம்மான்றா. கூடை இல்லாம நான் இன்னான்னு சொல்லி வெளிய போவேன்?"

இத்தனை வருஷம் அவள் பக்கத்தில் வரும்போது, உண்மையைச் சொல்கிறேன், நானும் லேசாக முகத்தைத் திருப்பியிருக்கிறேன். அது அவளுக்கு வசதியாக இருந்திருக்கிறது. யாருக்கு யார் கெட்டவள் என்றே புரியாமல், "அடிப்பாவி" என்றேன். அவளும் "அடிப்பாவி" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரிக்கக் கூடாது, சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. நான் பாயில் உட்கார்ந்து அவள் மடியில் தலையை வைத்து, ஒரு வருஷம் பிந்தி, என் மாமாவுக்காக வாய்விட்டு அழுதேன். "ஈர லுங்கியோட நின்னாரே அக்கா" என்று அழுதேன். வந்தது வரட்டும் என்று அழுதேன். புதுப் பாய் நனைந்தது, சேருக்கு அடியிலும் நனைந்தது.

அக்காவின் மகள் திரும்பி வந்தபோது நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அவள் தரையைப் பார்த்தாள். "இன்னாம்மா இது?"

"சொம்பு கவுந்துட்ச்சி. துணி எட்தா" என்றாள் அக்கா. சொம்பு ஜன்னல் மேடையில் நிமிர்ந்துதான் இருந்தது.

அவள் துணியை எடுத்து வந்து துடைத்தாள். அறையில் இப்போது நிஜமாகவே வாடை இருந்தது. எழுந்து போய் இன்னொரு ஊதுபத்தியைக் கொளுத்தி என் பக்கத்தில் வைத்தாள்.

நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அக்கா உள்வாசல் வரைக்கும் வந்து நின்றாள், நிலையைத் தாண்டவில்லை. ஆட்டோவரை வந்த மகள், "வந்த பொடவயோட வூட்டுக்குப் போவ முடியலயா சித்தி? அவ்ளோ நாத்தமா கீது எங்க வூட்ல?" என்று கேட்டாள். கிண்டலாக ஆரம்பித்த குரல் கடைசியில் உடைந்துவிட்டது.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். என் கதையை மட்டும் சொன்னால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை. என்னைப் பற்றிக் கேட்ட மறு நிமிஷம் கவிழாத சொம்பு அவளுக்கு ஞாபகம் வரும். நிமிர்ந்து பார்த்தேன். அவளுக்குப் பின்னால், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் அக்கா, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"பழகிடும்மா. அடுத்த வாரமும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.