பல் செதுக்கும் கணினியின் சூடு

செயற்கைப் பல் செய்யும் எங்கள் கூடத்தில், செதுக்கும் இயந்திரத்தை ஓட்டும் கணினி அண்ணியின் பொறுப்பு. நான் அடுத்த மேசையில் பல்லுக்கு மெருகு போடுகிறவன். அண்ணி அதிகம் பேசமாட்டார். ஆனால் கணினி லேசாக முனகினாலும் சோற்றில் வைத்த கையோடு எழுந்து போவார்.

இரண்டு வாரமாக அது பாதி வேலையில் தானாக அணைந்தது. ஒவ்வொரு முறையும் பல் செதுக்க மாட்டிய ஒரு கட்டி வீண். "ஏம்மா, நீ எதையோ தட்டுறே" என்றார் முதலாளி. திங்கட்கிழமை வேறு ஆள் வருவான் என்றும் சொல்லிவிட்டார்.

சூடுதான் காரணம் என்பது அண்ணியின் கணிப்பு. தூசி புகாமலிருக்கக் காற்றுத் துளையின் மேல் முகக்கவசம் ஒன்றை ஒட்டியவர் முதலாளியேதான். அதைப் பற்றி வாய் திறந்தால், "அது இருக்கிறதாலதான் பெட்டி சுத்தமா இருக்கு" என்று அடக்கிவிடுவார். அவர் வாயை அடைக்க ஓர் எண் வேண்டும். மதர்போர்டில் சூட்டை அளக்கும் சென்சார் இருந்தது. கணினியை இயக்கும் பழைய லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. புதியதற்கு மாறினால் செதுக்கும் மென்பொருள் ஓடாது.

வெள்ளிக்கிழமை காலை, சென்சாரைத் தேடும் நிரலை அண்ணி ஓட்டினார். தேடும்போது கணினி உறைந்துபோகலாம் என்று அது எச்சரித்தது.

"உறைஞ்சிட்டா, அண்ணி?"

"திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், தம்பி. இன்னைக்கே கிளம்பிடலாம்."

சென்சார் அகப்பட்டது. அதைப் படிக்க உதவும் டிரைவர் நிரலோ ஏற மறுத்தது. அதை அனுமதிக்கும் ஒரு வரியைத் தொடக்க அமைப்பில் சேர்த்து, கணினியை அணைத்து மறுபடி போட்டார். திரை கறுப்பாகவே இருந்தது. மெருகு போட்டு முடித்த பல்லுக்கே நான் மறுபடி மெருகு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகத் திரை விழித்தது. நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, நூற்றிருபத்தேழு என்று சூட்டைக் காட்டும் மூன்று எண்கள்.

உள்ளே வந்த முதலாளி மிரண்டார். "நூத்தி இருபத்தேழா? அணைம்மா."

"அந்த மூணாவது இடத்துல சென்சாரே மாட்டலைங்க. சும்மா உளறுது. முதல் எண்ணைப் பாருங்க."

மதியம் மருத்துவரிடம் போகவேண்டிய நாலு பல் வேலையை அண்ணி ஏற்றினார். இயந்திரம் செதுக்கச் செதுக்க முதல் எண் மட்டும் ஏறியது. அறுபத்தாறு. எழுபத்தைந்து. தொண்ணூறில் போர்டு தானாக அணைத்துவிடும். எண்பத்து மூன்றில் அண்ணி கேட்டார்:

"அந்த மாஸ்க்கை எடுக்கட்டுங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அண்ணி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்ப நான் எதையும் தட்டலை. பாத்துக்கோங்க."

எண்பத்தாறு. மூன்று பல் முடிந்திருந்தது. எண்பத்தெட்டு. முதலாளி திரையைப் பார்த்தார், அண்ணியின் கைகளைப் பார்த்தார். எண்பத்தொன்பதில் குனிந்து, முகக்கவசத்தைத் தானே பிய்த்தார்.

எண் சற்று நேரம் நகரவில்லை. பிறகு எண்பத்தேழானது. எழுபத்தொன்பதானது.

முதலாளி அடுத்த அறைக்குப் போனார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை. "அந்தப் பையனைத் திங்கட்கிழமை வரவேண்டாம்னு சொல்லிடு" என்று போனில் பேசுவது கேட்டது.

அண்ணி திரும்பவில்லை. நாலாவது பல் முடியும்வரை கைகள் மடியிலேயே இருந்தன.