இரண்டு கம்பி ஒயர்

எழுபதுகளின் கடைசியில், சிங்கப்பூரில் எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டில், ஒரு கேசட்டைப் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. என் மாமனார் கடிதம் எழுதமாட்டார். பேசிப் பதிந்து, ஊரிலிருந்து வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார். கடைசிக் கேசட் வந்து சில வாரங்களில் இறந்துபோனார். அசல், மார்சிலிங்கில் இருந்த மூத்த மகனுக்கு என்று முடிவானது. ஞாயிறு மாலை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். என் மனைவிக்கு மிஞ்சுவது பிரதிதான்.

மாமனாருடையது தணிந்த குரல். விசாரிப்பெல்லாம் முடிந்த பின், டேப் மெஷினை நிறுத்தத் தெரியாமல் கொஞ்ச நேரம் தடவுவார். பிறகு, "கேக்குதாம்மா?" என்பார், ஏறக்குறைய தனக்குள். இரண்டு மெஷின்களை ஒயரால் இணைத்து நான் எடுத்த பிரதியில் அந்த இடத்தில் ஒரே இரைச்சல்.

"பேப்பர்ல ஒரு துணைக்கால் விட்டுப்போனாக்கூடக் கண்டுபிடிப்பீங்க. இது காதுல விழலையா?" என்றாள் மனைவி. நான் அப்போது பத்திரிகையில் பிழைதிருத்துபவன்.

சிராங்கூன் ரோட்டுச் சந்தில் ரேடியோ கடை வைத்திருந்த பாய், இரண்டு ஒயர்களை எடுத்துப் போட்டார். சாதாரண ஒயரில் நடுவே ஒரு கம்பி, சுற்றிலும் வலை. பேலன்ஸ்டு ஒயரில் வலைக்குள் இரண்டு கம்பி; வழியில் ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும், மறுமுனையில் கழிந்துவிடும்.

"கழிக்கிறது ஒயர் இல்லண்ணே, மெஷின். உங்க மெஷின்ல அதுக்கு வழியே இல்ல. இது மேடை மைக்குக்கு இழுக்கிறது லா. மூணடிக்குச் சாதாவே போதும்."

நான் கேட்கவில்லை. தடித்த பேலன்ஸ்டு ஒயரையே வாங்கி, முனைகளில் சாதாரண பிளக்கைப் பற்றவைக்கச் சொன்னேன். வீட்டில் மாட்டினால், அதே இரைச்சல்.

ஞாயிறு, நாங்கள் பூசை முடிந்து திரும்பியதும் பாய் வந்தார். மெஷின்கள் இரண்டும் அலமாரி மேல். ஹாலில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட் அங்கேதான். மேலே சுவரில் திருஇருதய ஆண்டவர் படம், அதன் கீழே சிவப்பு பல்பு. பாய் ஒயரைப் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்தினார். பல்பின் சின்ன டிரான்ஸ்பார்மர் பக்கம் போனதும் இரைச்சல் ஏறியது. அவர் என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்க்கவில்லை.

"சொல்லுங்க பாய்," என்றாள்.

"நான் சொல்லக்கூடாதுக்கா. விளக்கு..."

அப்பா இறந்த செய்தி வந்த நாளிலிருந்து அந்த விளக்கை அவள் அணைத்ததில்லை. உள்ளே போனாள். ஒரு மெழுகுவர்த்தியைச் சாசரில் நட்டுக் கொண்டுவந்து, படத்துக்கு முன்னால் ஏற்றினாள். சுடர் நிமிர்ந்து நின்றதும் பல்பின் பிளக்கைப் பிடுங்கினாள். மெழுகுவர்த்திக்காக ஃபேனையும் நிறுத்தினோம்.

"சாதா ஒயரையே போடுறேன்," என்றார் பாய்.

அரை மணி நேரம். ஒயர் வழியாகப் பதிவதில் எங்கள் பேச்சு ஏறாது என்று மூவருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் பேசவில்லை. வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

பிரதியைக் கடைசிப் பகுதிக்கு ஓட்டிப் போட்டோம். தடவும் சத்தம். ஒரு இருமல். பிறகு, "கேக்குதாம்மா?"

"கேக்குதுப்பா," என்றாள்.

விளக்கின் பிளக்கை மறுபடி மாட்டி, பல்பு எரிவதைப் பார்த்த பிறகே மெழுகுவர்த்தியை ஊதினாள். அசலை அண்ணனுக்காக உறைக்குள் வைத்தாள்.

"டீ குடிச்சிட்டுத்தான் போகணும் பாய்."