மண்ணெண்ணெய் மணந்த சவர்க்காரம்

மட்டக்களப்பு ரவுணில் புதிதாகத் திறந்த பெரிய கடையில் மலிவுச் சவர்க்காரங்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்துகொண்டு நின்றேன். ஒன்றிலாவது மண்ணெண்ணெய் மணக்க வேண்டுமே!

தேற்றாத்தீவில், கடலுக்குப் போகும் ஒழுங்கையில் இருந்த தங்கம்மா மாமியின் கடையில், மண்ணெண்ணெய்ப் பீப்பாவுக்குப் பக்கத்திலேயே சவர்க்காரமும் இருந்ததால், எவ்வளவு அலசினாலும் எங்கள் சட்டைகளில் அந்த மணம் நிற்கும். சந்தையில் அதே சவர்க்காரம் மலிவு, மணமும் இல்லை. ஆனால் சந்தைப் பையோடு மாமியின் வாசலைக் கடக்க ஊரில் ஒருவருக்கும் மனம் வராது. எல்லோரும் கடற்கரையால் சுற்றி, தாழம்பற்றைகளுக்குப் பின்னால், மணலில் கால் புதையப் புதைய வீட்டுக்குப் போவோம்.

ஒருநாள் நெருப்புப்பெட்டி வாங்கப் போன என் தோளருகே குனிந்து மாமி மூச்சை இழுத்தார்.

"சந்தைச் சவுக்காரம் நல்லா மணக்குது, என்ன புள்ள?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அப்படியென்றால் ஊரில் யார் யார் கடற்கரையால் போகிறார்கள் என்பது அவர் மூக்குக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது!

நாட்டுச் சண்டையில் பாதை பூட்டிச் சந்தை நின்றபோது, மாமி சவர்க்காரத்தைத் துண்டு துண்டாக வெட்டி எல்லா வீட்டுக்கும் விற்றார். ஊரே மண்ணெண்ணெய் மணந்தது.

பிறகு சுனாமி மாமியையும் கடையையும் கொண்டுபோனது. சண்டை முடிந்ததும் பெரிய கடைகள் வந்தன.

இன்று மலிவுப் பையோடு பஸ்ஸால் இறங்கியதும் என் கால்கள் தாமாகக் கடற்கரைப் பக்கம் திரும்பின. எனக்கு முன்னால், அதே கடைப் பையோடு, பக்கத்து வீட்டு அக்கா மணலில் போய்க்கொண்டிருந்தார்.