சாந்துப் பொட்டு வைத்த டாங்கி

போன வாரம் என் மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். அம்பத்தூர் எஸ்டேட் சாலையில், எதிரே வேன் திரும்பியபோது பிரேக் பிடிக்கவில்லை. முழங்கால் பிசகியதோடு போயிற்று. முந்தின நாள்தான் சர்வீஸ் முடிந்து வந்த வண்டி. கடைக்காரர் நீட்டிய தாளில், ஆபீசுக்கு நேரமாகிறதென்று, எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தது நான்.

அன்றிலிருந்து வாசலில் எந்த வண்டி நின்றாலும் அதன் பிரேக்கை அழுத்திப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை. அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. மூன்று வாரம் நடக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், படுத்த வாக்கில் ஃபோனைத் தட்டி ஒரு பிளாஸ்டிக் டாங்கியை வரவழைத்துவிட்டாள். இரண்டாம் உலகப்போரில் ஓடிய டாங்கியாம். முந்நூறு துண்டு. நான்கு நாட்களாகச் சாப்பாட்டு மேசையில் போர் நடக்கிறது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். சாம்பாரில்கூடப் பசை நெடி. "இன்னாமா அத அப்டி மொறைக்கற?" என்று கேட்கிறாள்.

எனக்கும் ஒரு டாங்கி இருந்தது. அப்போது ஏழாம் வகுப்பு. அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் ஒண்டுக் குடித்தனம். அம்மாவின் தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒவ்வொரு முறை வரும்போதும் எதற்கும் உதவாத ஒன்றைக் கொண்டுவருவார். நம் ஊர் பிளக்கில் நுழையாத இஸ்திரிப் பெட்டி அதற்கு முந்தின வருடத்தது. அந்த முறை ஒரு அட்டைப்பெட்டி. மேலே பனியில் புதைந்தபடி ஒரு டாங்கி. உள்ளே பச்சை பிளாஸ்டிக் சட்டங்களில் அவரைக்காய் போல ஒட்டிக்கொண்டிருந்த துண்டுகள்.

"பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குடா டாங்கி?" என்றாள் அம்மா.

"கப்பல் நின்ன நேரத்துக்கு அந்த ஒரு கடதான்க்கா தொறந்துகினு இருந்துச்சு" என்றார் மாமா.

அதே வாரம் பள்ளியில் கண்காட்சி என்று அறிவித்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. என் வகுப்பில் ஆவடி டாங்கி ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் பெண் ஒருத்தி இருந்தாள். டாங்கி என்றால் அவர்கள் குடும்பச் சொத்து என்பதுபோலப் பேசுவாள். அவள் முன்னால் என் டாங்கியைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அந்த மூன்று வாரமும் உலகத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்பா அந்தச் சமயம் பார்த்து லீவில் இருந்தார். தீபாவளிக்கு மறுநாள்கூட ஷிப்டுக்கு ஓடும் மனிதர், நாள் முழுவதும் வீட்டில். என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். எஸ்டேட்டில் லாரிக்கு ஜாக்கி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் அவர் இன்ஸ்பெக்டர். செய்து வருவதை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பும் வேலை. தெருவில் எங்கள் வீட்டை 'இன்ஸ்பெக்டர் ஊடு' என்பார்கள்; புதிதாகக் குடிவந்தவர்கள் போலீஸ் என்று எண்ணிக் கொஞ்ச நாள் எங்களிடம் மரியாதையாக இருப்பார்கள்.

முதல் நாள் பத்துத் துண்டுகளைப் பிய்த்து மளமளவென்று ஒட்டினேன். அப்பா வந்து பார்த்தார். என் ரஃப் நோட்டில் கோடு போட்டார். வேலை, தேதி, பார்த்தவர் கையெழுத்து. ஒரு கட்டம் அவர் பார்த்து முடித்து, அவர் சொல்லி அம்மா கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த கட்டத்தைத் தொட வேண்டும். ஏன் அம்மா என்று நான் கேட்கவில்லை. கேட்க நேரம் எங்கே? ஒட்டிய பத்தில் ஏழு துண்டை அவர் பிரித்துப் போட்டுவிட்டார்.

"பிசிறு கீது பாரு" என்பார். சட்டத்திலிருந்து பிய்த்த இடத்தில் கடுகில் பாதி அளவு துருத்திக்கொண்டிருக்கும். அதைத் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் தேய்த்துத் தேய்த்து மழுக்க வேண்டும். தேய்த்துக் கொண்டுபோனால் வெர்னியர் அளவுகோலை எடுத்து அளப்பார். கம்பெனியில் கழித்துக்கட்டும் சாமானுக்குச் சிவப்பு பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பது வழக்கமாம். வீட்டில் பெயிண்ட் இல்லை. அம்மாவின் சாந்துக் குப்பியை எடுத்து, அதன் குச்சியாலேயே சக்கரத்துக்குச் சக்கரம் பொட்டு வைத்தார். பொட்டு வைத்ததெல்லாம் தனித் தட்டில். அந்தத் தட்டு ஏதோ சுமங்கலி பூஜைக்கு வைத்ததுபோல இருந்தது.

"நெத்திக்கு வாங்கி வெச்சதுய்யா அது" என்றாள் அம்மா.

"தப்பா போறத நிறுத்தறதுக்கு வெக்கறேன்" என்றார் அப்பா.

எனக்கு அழுகையும் எரிச்சலும் மாறி மாறி வந்தன. ஒரு நாள் முழுக்க ஒரு சக்கரம். மற்ற பிள்ளைகள் எரிமலை செய்து, சோடா உப்பு போட்டுப் பொங்கவைத்தும் முடித்துவிட்டார்கள். எனக்கு நிம்மதி கிடைத்தது மாலை ஐந்து மணிக்குத்தான். தினமும் அந்த நேரத்துக்கு அப்பா தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு சைக்கிளில் எங்கோ போவார். ஏழு மணிக்குக் காலி வாளியோடு வருவார். வந்தவர் சட்டையைக் கழற்றாமலேயே, தான் இல்லாத நேரத்தில் நான் எதை ஒட்டியிருக்கிறேன் என்று பார்ப்பார். எங்கே போகிறார் என்று கேட்டால், "ஒனக்கு இன்னாத்துக்கு அது? போய்ப் படி" என்பாள் அம்மா.

எப்படியோ வெள்ளிக்கிழமை மாலை டாங்கி முழுசாக நின்றது. ஒரு பக்கம் ஐந்து சக்கரம், மேலே ரப்பர் சங்கிலி. அதன் முனைகளை ஸ்க்ரூ டிரைவரை அடுப்பில் காய்ச்சி அப்பாவே உருக்கி இணைத்திருந்தார். இனி ஒன்றும் இல்லை, நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். அப்பா சுவரிலிருந்து முகக்கண்ணாடியைக் கழற்றித் தரையில் படுக்கவைத்தார். அதன்மேல் டாங்கியை நிறுத்தினார். தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் நுழைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் தாள் முட்டி நின்றது. இடப்பக்கம் மூன்றாவதில் மட்டும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"இது தரைய தொடல."

"தாள் கனம்தான நைனா" என்றேன்.

"மத்த நாலுதான் வெயிட்டு தாங்குது. இது சும்மா ஒக்காந்துகினு கீது."

எனக்குப் பொறுக்கவில்லை. "யாரு நைனா இதெல்லாம் பாக்கப் போறா? கையெழுத்து போட்டுட்டா முடிஞ்சிடும்" என்றேன்.

அப்பா என்னை ஒருபோதும் அடித்ததில்லை. அன்றும் அடிக்கவில்லை. முகம் மட்டும் ஒரு மாதிரி வெளுத்துப்போனது. குனிந்து அந்த மூன்றாவது சக்கரத்தை நெம்பி எடுத்தார். பசை புதிது, டக்கென்று வந்துவிட்டது. அதன் நடுவில் ஒரு பொட்டு வைத்தார். மறுபடி சரியாக ஒட்டி ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும், அதுவரை வெளியே போகாது என்றார். அம்மா இடையில் வரவில்லை. அடுப்படியில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அவர் குளிக்கப் போன நேரம், சக்கரம் இல்லாத டாங்கியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஆவடி குவார்ட்டர்ஸ் பெண் என் மேசைக்கு வந்தாள். மேலே பார்க்கவில்லை, பீரங்கியைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்தாள்.

"இன்னாடி, உன் டாங்கி பஞ்சரா?"

மூன்று மணிவரை போனவர் வந்தவர் எல்லோரும் அதையே கேட்டார்கள். எரிமலைக்கு முதல் பரிசு. வீட்டுக்கு வந்து டாங்கியை அப்பா முன்னால் வைத்துவிட்டு அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

நடந்தது என்னவென்று அம்மா எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து, அப்பா போன பிறகு. மாமா டாங்கி கொண்டுவருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மாலை, கம்பெனி வாசலில் லாரி நின்றிருக்கிறது. நாற்பது ஜாக்கி ஏற்ற வேண்டும். மேலதிகாரி, "யாருப்பா பாக்கப் போறா, போடு" என்றிருக்கிறார். அப்பா அளக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த நாற்பதில் ஒன்று பூந்தமல்லி சாலையில் ஒரு பஞ்சர் கடையில் லாரியைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது நழுவியது. அடியில் படுத்திருந்தவருக்கு ஒரு கால் போயிற்று. கஞ்சி அவருக்குத்தான். அப்பா இருந்தது லீவில் அல்ல. விசாரணை முடியும்வரை எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நானோ அதே வாக்கியத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவர் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்ஸில்தான் இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது எதுவும் தெரியாது. கண்காட்சி முடிந்த மறுநாள், யாருக்கும் தேவைப்படாத அந்த டாங்கியை எடுத்துவைத்து அப்பா சக்கரத்தை ஒட்டி முடித்திருந்தார். சாயங்காலம் முகக்கண்ணாடிமேல் நிறுத்தி, காலண்டர் தாளையும் நோட்டையும் என்னிடம் நீட்டினார். கடைசிக் கட்டம். இதில் நீ போடு என்றார்.

நான் தாளைத் தொடவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பவும் இல்லை. பேனாவைப் பிடுங்கி என் பெயரைக் கிறுக்கி நோட்டைத் தள்ளினேன். அப்பா அந்தக் கையெழுத்தின்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு நோட்டை மறுபடி நீட்டினார்.

"பாத்துட்டு போடு கண்ணு" என்றார்.

குரலில் கோபம் இல்லை. அவர் கெஞ்சுகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. இந்த மனுஷனோடு முடியாது என்று எழுந்து விளையாடப் போய்விட்டேன்.