டொக்டொக் அக்காவின் மூன்று நிமிடம்

டொக். டொக். டொக்.

"உள்ள யாரு? பதில் மட்டும் சொல்லுங்க, போதும். வெளிய வர வேணாம்."

உள்ளேயிருந்து ஓர் இருமல் வரும். அல்லது எரிச்சலோடு "இருக்கேன்!" என்று ஒரு குரல் வரும். "இருங்க, இருங்க, நிதானமா இருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த கதவுக்கு நகர்வார். அங்கே பதில் இல்லையென்றால் மனசுக்குள் பத்து வரை எண்ணுவார். பிறகு இடுப்பில் ஒரு கையை ஊன்றி, முனகிக்கொண்டே குனிந்து, கதவுக்குக் கீழே இருக்கும் ஒரு சாண் இடைவெளியில் கால்களைப் பார்ப்பார். பாதங்கள் தரையில் சமமாகப் பதிந்திருந்தால் கவலையில்லை. ஒரு பாதம் பக்கவாட்டில் சரிந்து கிடந்தால் அடுத்த நொடி அக்காவின் கை ஏப்ரன் பைக்குள் போய்விடும்.

ஆண்கள் பக்கம் ஆறு கதவு, பெண்கள் பக்கம் ஐந்து. இருபது நிமிடத்துக்கு ஒரு சுற்று. எங்கள் பேருந்து நிலையத்தின் கழிப்பறைகள் பத்தொன்பது வருடமாக அவர் பொறுப்பு. நேர் எதிரே, மூன்றாம் எண் டிக்கெட் கவுண்டரில் நான் உட்கார்ந்திருப்பதால் அந்தச் சத்தம்தான் எனக்குக் கடிகாரம். டொக்டொக் அக்கா என்பது ஓட்டுநர்கள் வைத்த பெயர். "டாக்டர் வீட்டுக் கதவ நாமதான் போய்த் தட்டணும். டொக்டொக் அக்கா அவங்களே வந்து தட்டுவாங்க" என்பது அவர்களுடைய ஜோக்.

குள்ளமான உருவம். ஐம்பத்து நாலு வயது. ரப்பர் பூட்ஸ் முழங்காலைத் தொடும். அந்த பூட்ஸோடு அவர் நடக்கும்போது ஏதோ அதிகாரி ஆய்வுக்கு வருவதுபோல இருக்கும். வேலை நேரத்தில் உட்காரவே மாட்டார். குழாய்களோடு பேசுவார். "உனக்கு நேத்துதானே வாஷர் மாத்தினேன், இன்னிக்கு என்ன அழுகை?" என்று ஒரு குழாயைக் கேட்டுக்கொண்டிருந்ததை நானே காதால் கேட்டிருக்கிறேன். தரை துடைத்து முடித்ததும் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, ஓவியக் கண்காட்சிக்கு வந்தவர்போல அதை ரசிப்பார். யாராவது "பாவம், இந்த வயசுல இந்த வேலை" என்று சொல்லிவிட்டால் போச்சு. "எதுக்கு பாவம்? உங்க ஆபீஸ்ல ஒரு நாளைக்கு எத்தன பேர் நிம்மதியா வெளிய போறாங்க? இங்க வர்ற எல்லாருமே நிம்மதியாத்தான் போறாங்க" என்பார்.

ஏப்ரன் பையில் இருப்பது மூக்கில் அடிக்கிற ஒரு மருந்து. போதை மருந்து அளவு மீறி மூச்சு நின்றுபோகிறவர்களை மீட்டுக்கொண்டு வருவது. நகர நலவாழ்வு வாரியம் நான்கு வருடம் முன்பு பேருந்து நிலைய ஊழியர்களுக்கு அதில் ஒரு பயிற்சி வைத்தது. நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். அக்காவும் ஒரு காவலாளியும்தான் போனார்கள். காவலாளி குளிர்பானம் குடித்துவிட்டு வந்துவிட்டார். அக்கா பொம்மையின் மூக்கில் பதினாறு முறை அடித்துப் பழகிவிட்டு வந்தார்.

இதுவரை மூன்று பேர். நன்றாக உடுத்திய ஓர் இளம் விற்பனைப் பிரதிநிதி, ஒரு சமையல்காரர், கல்லூரிப் பையோடு வந்த ஒரு பெண். மூன்று பேரும் பிழைத்தார்கள். "மூக்குல ஒரு அடி. ஆம்புலன்சுக்கு ஒரு போன். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, மூச்சு ஏறி இறங்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். கண்ணத் தொறந்ததும் நம்மளத்தான் திட்டுவாங்க. திட்டினா நல்லது சார், திட்டறதுக்கு மூச்சு வேணுமில்ல?" அந்தச் சமையல்காரர் திட்டிய திட்டில் நான் கவுண்டரில் காதைப் பொத்திக்கொண்டேன். அக்கா அவர் நெற்றியைத் துடைத்துவிட்டபடி "அப்புறம்? அப்புறம்?" என்று கதை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் அக்காவை நகரம் முழுக்க அறிய வைத்தது அந்த மருந்து இல்லை.

போன வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி தாண்டியிருக்கும். ஆண்கள் பக்கம் ஐந்தாவது கதவில் பதில் வரவில்லை. அக்கா குனிந்து பார்த்தார். பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. இரண்டும் தரையில் சமமாகத்தான் இருந்தன, ஆனால் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தன. ஷூவை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் நிலையத்திலேயே சுத்தமான சீருடைக்காரர், மலைப்பாதை வண்டி ஓட்டுநர். நாலு நாற்பதுக்கு அவர் வண்டி எடுக்க வேண்டும். நாற்பத்து மூன்று டிக்கெட்டை நானே கிழித்திருந்தேன்.

"போயிருங்கக்கா" என்றார் அவர், உள்ளேயிருந்து.

அக்கா போகவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கதவுக்கு வெளியே உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னால வண்டி எடுக்க முடியாதுக்கா. மேல அந்த வளைவுகிட்ட போறப்ப, ஸ்டீயரிங்கத் திருப்பாமயே விட்டுட்டா என்னன்னு மூணு நாளாத் தோணிக்கிட்டே இருக்கு. பின்னாடி ஜனங்க உக்காந்திருக்காங்க. பயமா இருக்கு."

வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். நானாக இருந்தால் அறிவுரை சொல்லித் தொலைத்திருப்பேன்.

"சொன்னீங்க பாருங்க, அதுவே பெரிசு" என்றார் அக்கா. "இப்ப வண்டி எடுக்க வேணாம். அது என் பொறுப்பு. நீங்க உக்காருங்க, நானும் உக்காந்திருக்கேன்." பிறகு கழுத்தை மட்டும் வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். "டிக்கெட் சார்! நாலு நாப்பதுக்கு வேற ஆளப் போடச் சொல்லுங்க. கேட்டா வயித்து வலின்னு சொல்லுங்க."

முக்கால் மணி நேரம் கழித்து அந்தக் கதவு திறந்தது. அதற்குள் வேறு என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. ஓட்டுநரை என் அறையில் உட்கார வைத்து, நகர ஆலோசனை மையத்துக்கு அக்கா என் போனிலிருந்து பேசினார். மணி நாலு ஐம்பத்தைந்து. ஒரு பெண் எடுத்தார். அடுத்த காலியிடம் பதினோரு வாரம் கழித்து, வியாழக்கிழமை காலை என்றார். மையம் ஐந்து மணிக்கு மூடிவிடும் என்றும் சொன்னார்.

"பதினோரு வாரமா? பல்லு வலின்னா ரெண்டு நாள்ல பாக்கறாங்களேம்மா!"

அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் கையில் இருந்தது அந்த அட்டவணை மட்டும்தான். அக்கா போனை வைத்தார், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓட்டுநரை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விட்டார். ஓட்டுநரின் மனைவி வந்து சேரும்வரை பக்கத்திலேயே இருந்தார். அன்று பதினோரு கதவும் தட்ட ஆளில்லாமல் கிடந்தன. அடுத்த நாள் மேலாளரிடமிருந்து மெமோ வந்தது: பணி நேரத்தில் பணியிடத்தைவிட்டுச் சென்றது ஏன்? அக்கா என் பேனாவை வாங்கி, அதன் கீழேயே பதில் எழுதினார். "ஆமாம், போனேன்." அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியில் கழிப்பறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. மனநலம், போதைப் பழக்கம் இரண்டிலும் அடுத்த மூன்று வருடத்துக்கு எதற்கு முதலிடம் தருவது என்று நலவாழ்வு வாரியம் முடிவு செய்யப்போகிறது; பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம்; ஆளுக்கு மூன்று நிமிடம். ஆறு அம்சங்கள் வரிசையாக இருந்தன. முதலில் விழிப்புணர்வுப் பிரசாரம். முன்பதிவு இல்லாமல் வந்து பேசக்கூடிய இடம், ஐந்தாவது.

"விண்ணப்பம் எழுதிக் குடுங்க சார்" என்று அக்கா வந்து நின்றார். 'எந்த அமைப்பின் சார்பாக' என்று ஒரு கட்டம் இருந்தது. "கக்கூஸ்னு எழுதுங்க" என்றார். நான் 'பேருந்து நிலையக் கழிப்பறை' என்று எழுதினேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "அதேதான், கொஞ்சம் சென்ட் அடிச்சிருக்கீங்க" என்றார்.

நூலக மாடியில் கூட்டம். வாரியத்தார் ஏழு பேர் நீள மேசைக்குப் பின்னால். நடுவில் தலைவி, ஓய்வுபெற்ற மருத்துவர். அக்காவுக்கு முன்னால் பேசியவர்கள் படம் போட்டுக் காட்டினார்கள், புள்ளிவிவரம் சொன்னார்கள். அக்கா கையில் காகிதம் இல்லை. அவருடைய மகள், கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், அம்மாவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். அது நாற்காலியிலேயே கிடந்தது.

"விழிப்புணர்வு வேணும்ங்கறீங்க. எல்லாரும் விழிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்கம்மா. தூக்கம் வராமத்தான் பாதிப் பேர் எங்கிட்ட வர்றாங்க. அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. போறதுக்கு ஒரு இடம்தான் இல்ல. உங்க மையம் அஞ்சு மணிக்கு மூடுது. வேலை முடிஞ்சு மனுஷன் அஞ்சரைக்குத்தான் ஒடைவான். ஒடைஞ்சவன் எங்க போவான்? கதவச் சாத்திக்கிட்டு அழறதுக்கு ஊர்ல என்னோட எடம் ஒண்ணுதான் தெறந்திருக்கு. நான் தரை தொடைக்கிறவ. என்னால வாளியக் கவுத்துப் போட்டு உக்காரத்தான் முடியும். படிச்சவங்க யாராவது ஒருத்தர் வந்து உக்காரக் கூடாதா? அஞ்சாவதா இருக்கறத ஒண்ணாவது ஆக்குங்க. வேற எதுவும் கேக்கல."

மேசையின் ஓரத்திலிருந்து ஒருவர் பரிவோடு கேட்டார். "உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தப் பிரச்சினை இருந்ததா அம்மா?"

"இல்லீங்க. எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கெட்ட பழக்கம்னா குறட்டைதான். ஏன், வீட்ல நடந்தாத்தான் கண்ணு தெரியணுமா?"

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அது நான்தான் என்று பிறகு தெரிந்தது. மணி அடித்தது. அக்கா மைக்கைத் திருப்பிக் கொடுக்கும் முன் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்துக் கொடுத்தார்.

தலைவி அன்று ஒரு வாக்குறுதியும் தரவில்லை. ஆனால் அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு, கையில் ஒரு நோட்டோடு, தனியாக வந்து கழிப்பறை வாசலில் நின்றார். அக்கா அவருக்கு ஒரு ஜோடி கையுறை எடுத்துக் கொடுத்தார். ஏழு மணி வரை இருவரும் சேர்ந்து சுற்று வந்தார்கள். ஐந்தே முக்காலுக்குக் கை கழுவும் இடத்தில் ஓர் ஆள், சுமார் அறுபது வயது, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதுகொண்டிருந்தார். மனைவி இறந்து ஒரு மாதம், குடியை நிறுத்த முடியவில்லை. தலைவி நோட்டைத் திறந்து குறிக்கத் தொடங்கினார்.

"அத அப்புறம் எழுதலாம் டாக்டரம்மா. முதல்ல அவர் கையப் பிடிங்க."

தலைவி நோட்டை மூடிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆள் இருபது நிமிடம் பேசினார். தலைவி கிளம்பும்போது கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நாற்பது வருஷம் டாக்டரா இருந்திருக்கேன். யாரும் என்கிட்ட இப்படி வந்து அழுததில்ல" என்றார். அக்கா, "உங்ககிட்ட டோக்கன் வாங்கணுமில்ல" என்றார்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. முதலாவது: முன்பதிவு வேண்டாத ஆலோசனை, மாலை நேரத்தில், மக்கள் நடமாடும் இடத்தில். அக்கா என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். முதல் முறை புரிவதற்கு. இரண்டாவது முறை சும்மா. அவர் வீட்டுக்காரர் அந்தத் தாளை முப்பது பிரதி எடுத்து, தான் பழுது பார்க்கும் லிஃப்ட்டுகளிலெல்லாம் ஒட்டிவிட்டார். "லிஃப்ட்ல ஏறினா வேற எங்க பாக்க முடியும்? படிச்சே ஆகணும்" என்றாராம்.

நடைபாதைக் கோடியில், கழிப்பறையை அடுத்துச் சும்மா பூட்டிக் கிடந்த பார்சல் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வெள்ளையடித்ததும் அக்காவைக் கேட்டுத்தான் சாமான் போட்டார்கள். முதலில் வந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது இன்டர்வியூ நாற்காலி. இதுல உக்காந்தா ஒருத்தரும் உண்மை பேச மாட்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நாலு மணியிலிருந்து ஒன்பது மணி வரை ஓர் ஆலோசகர், ஒரு நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதில் அக்காவுக்கு இன்னும் கோபம். "ஞாயித்துக்கிழமை மனசுக்கு லீவா?" என்று தலைவிக்கு மாதம் ஒரு கடிதம் போகிறது. எழுதுவது நான்.

மலைப்பாதை ஓட்டுநர் ஐந்து மாதம் சிகிச்சையில் இருந்துவிட்டுத் திரும்பினார். இப்போது ஊருக்குள் ஓடும் வண்டி. தினமும் கிளம்பும் முன் வாசலில் நின்று, "அக்கா, வண்டி எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். "எடுங்க, எடுங்க" என்பார் அக்கா. அந்த நேரத்தில் அக்காவின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம்.

அந்த அறை திறந்த முதல் நாளைச் சொல்லிவிட வேண்டும். வாரியத்தார் வந்து, படம் எடுத்துக்கொண்டு, ஐந்து மணிக்குப் போய்விட்டார்கள். அறையில் ஆலோசகர் காத்திருந்தார். ஆறு மணி ஆகியும் யாரும் வரவில்லை. பிறகு ஒரு பெண்மணி, கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, அந்தக் கதவைத் தாண்டி நடந்து போனார். திரும்பி வந்தார். மறுபடியும் தாண்டிப் போனார். ஏதோ ஒரு வண்டி தாமதமானதால் நடைபாதை பெஞ்சுகளில் பத்து இருபது பேர் உட்கார்ந்து, வேறு வேலையில்லாமல், போகிற வருகிற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முறை அந்தப் பெண்மணி வெளிவாசல் பக்கம் திரும்பிவிட்டார்.

அக்கா அவசரமில்லாமல் உள்ளே போனார். 'தரை ஈரம், கவனம்' என்று எழுதிய மஞ்சள் பலகைகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து நடைபாதைக்குக் குறுக்கே வைத்தார். "எல்லாரும் அந்தப் பக்கம் போய் உக்காருங்க, வழுக்கிரும், வழுக்கிரும்" என்று குரல் கொடுத்தார். ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே மூட்டைமுடிச்சோடு நகர்ந்தார்கள். நடைபாதை காலியானது. அக்கா அந்தப் பெண்மணியைப் பார்க்கவே இல்லை. பார்சல் அறைக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு சொட்டு ஈரமில்லாத தரையை நிதானமாகத் துடைக்கத் தொடங்கினார்.