ஆத்தாளிடம் மானத்தைக் கேட்டேன்

காளியாத்தாளை நம்பி வாழ்கிற எல்லோருக்கும் அவனியாபுரத்திலிருந்து வணக்கம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

1998, பொங்கல் கழிந்த வாரம். மாட்டைத் திருடிவிட்டான் என்று என் தம்பி முருகனைப் போலீஸ் பிடித்துப்போனது. பக்கத்துத் தெருக்காரர் வளர்த்த ஜல்லிக்கட்டுக் காளை. பட்டப்பகலில் அவிழ்த்து, அதனோடு பேசிக்கொண்டே ஏர்போர்ட் ரோட்டில் நடந்து போயிருக்கிறான்.

அவனுக்கு ரெண்டு வருஷமாகவே மனசு சரியில்லை. காதில் குரல் கேட்கிறது என்பான். யாராவது கேட்டால், "கோவக்காரப் பய, வேற ஒண்ணுமில்ல" என்று மழுப்புவோம். என் மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மணமேடையில் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய தாய்மாமன் கிறுக்கன் என்று தெரிந்தால் எவன் கட்டுவான்?

ஸ்டேஷனில் காளைக்காரர் சொன்னார்: "சோறு போடுற என்னையவே முட்டுற மாடு சார். அதுகிட்டப் போறவன் திருடனா இருக்க மாட்டான், கிறுக்கனாத்தான் இருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஏட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா, அப்படியா?"

"இல்லைங்கய்யா, நல்லாத்தான் இருக்கான்."

திருட்டு அவனோடு போகும், கிறுக்கு குடும்பத்துக்கே ஒட்டும் என்று நினைத்தேன். நல்லாத்தான் இருக்கான் என்று நான் சொன்னதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

மறுநாள் கோர்ட்டு. சம்பந்தியும் துணைக்கு வந்தார். பஸ்ஸில் வழியெல்லாம், "ஆத்தா, மானத்தைக் காப்பாத்து" என்றே வேண்டினேன். கூண்டில் நின்ற தம்பி, ஆளில்லாத பக்கம் திரும்பி, "வாரேன், வாரேன், எங்கக்கா வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த வாய் தானாகத் திறந்தது.

"அய்யா, அவன் திருடன் இல்ல. அவனுக்குச் சித்தம் சரியில்ல. நாங்கதான் மறைச்சோம்."

சம்பந்தி எழுந்து வெளியே போய்விட்டார். நான் தலை நிமிரவில்லை.

மாஜிஸ்திரேட் அவனை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. டாக்டர் பார்க்கட்டும் என்று பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கேயே சேர்த்து வைத்தியம் பார்த்தார்கள். காளைக்காரரும் வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சம்பந்தம் முறிந்தது. மகள் என்னோடு பேச வெகுநாள் ஆனது. பிறகு திருமங்கலத்தில் ஒரு வீட்டார் எல்லாம் தெரிந்தே அவளைக் கட்டினார்கள். முருகன்தான் மாலை எடுத்துக் கொடுத்தான். இப்போது மாத்திரை போடுகிறான், லேத் பட்டறைக்குப் போகிறான். எப்போதாவது அந்தக் குரல் வந்தால், "வந்துச்சுக்கா" என்று சொல்லிவிடுகிறான். காளைக்காரர் வழியில் கண்டால், "மாப்ள, மாடு உன்னைய விசாரிச்சுச்சு" என்பார்.

மூடி வைக்கத்தான் கேட்டேன். ஆத்தா திறந்துவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்தால், அவள் சன்னதியில் அழுது சொல்வதை டாக்டரிடமும் போய்ச் சொல்லுங்கள். கூட வருவாள். எனக்கு வந்தாள்.